மாப்பிள்ளை எழுதிய நாவல்

கம்பத்தில் வாழைக்காய் மண்டிக்கு வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே கமால் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, துட்டிச் சேதியா? யாரும் எறந்துட்டாகளா?" என்று லோடு ஏற்றும் பால்பாண்டி பயந்துபோய்க் கேட்டான்.

"போயி லோடப் பாருடா."

அவர் மடியில் இருந்தது ஒரு நாவல். எழுதியவன் உத்தமபாளையத்து ஷானவாஸ். கமாலின் மகள் யாஸ்மினுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை. தேனியில் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பெண் பார்க்க வருகிறார்கள். "மாப்ள புஸ்தகமெல்லாம் எழுதியிருக்காக" என்று பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தார் தரகர் சலீம்.

ஒரு பையன் வளர்ந்து ஆளாகிற கதை. அவன் வீட்டில் அத்தாவும் அம்மாவும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. குழம்பு பிடிக்காவிட்டால் தட்டு பறக்கும். சித்தப்பாவோடு சண்டை வந்து, கூடத்துக்கு நடுவே சுவர் எழும்பிவிடும். அத்தாவின் வசவைப் பையன் பாதியாகக் குறைத்து அம்மாவிடம் சொல்வான். அம்மாவின் சாபத்தை விசாரிப்பாக மாற்றி அத்தாவிடம் சொல்வான். இப்படிப் பொய் சொல்லிச் சொல்லியே அவனுக்கு மீசை முளைத்துவிடுகிறது. கதை நடப்பது ஏதோ கடற்கரை ஊரில். சொந்த வீட்டுச் சங்கதி வெளியே தெரியக்கூடாதென்று ஊரை மாற்றியிருக்கிறான் என்று கமால் புரிந்துகொண்டார்.

அந்தப் பையனை இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அந்த அத்தாவை ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல் இருந்தது. இப்படி ஒரு பிள்ளை மருமகனாக வரக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டுக்கு யாஸ்மினை எப்படி அனுப்புவது?

தேனியில் பேங்க் வேலை முடிந்து யாஸ்மின் பஸ்ஸில் வந்து இறங்கியதும் கூப்பிட்டார்.

"அந்த எடம் சரிப்படாதும்மா. ஒங்கம்மாட்டச் சொல்லிரு."

அவள் முகம் வெளுத்தது. "ஏன் அத்தா, புஸ்தகம் நல்லால்லையா?"

"நல்லாருக்கு. அதான் பயமா இருக்கு."

யாஸ்மின் அடுப்படிக்குப் போனாள். உள்ளே ஒரு பாத்திரம் டங்கென்று விழுந்தது. திரும்பி வந்து, "அம்மா கொஞ்சம் யோசிக்கச் சொன்னாக" என்றாள்.

கமால் சலீமுக்குப் போன் போட்டார். "நாவலப் படிச்சதுல மனசு ஒப்பல. நான் சரக்கு விஷயமா குமுளி போறேன். ஞாயித்துக்கெழமை வேணாம்னு பக்குவமாச் சொல்லு."

சலீம் பக்குவமாகத்தான் சொன்னார். "பொண்ணு வீட்ல நாவல் பிடிக்கலையாம்."

அரைமணியில் பதில் வந்துவிட்டது. "என்ன பிடிக்கலைன்னு நேர்லயே கேட்டுக்கிறாகளாம். வெள்ளிக்கெழமையே வர்றாகண்ணே."

அதற்குள் விசாரித்துவிடுவோம் என்று கமால் மறுநாளே உத்தமபாளையம் போய் இறங்கினார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், பக்கத்தில் நின்றவரிடம் குரலைத் தாழ்த்தினார்.

"இங்கன ஷானவாஸ் வாத்தியார்னு ஒருத்தர் இருக்காகள்ல. அவுக அத்தா வீட்ல தட்டத் தூக்கி எறிவாராமே?"

அவர் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எறிய மாட்டேனே. நீங்க யாரு?"

கமால் கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறிவிட்டார். அது அவரை வேறு திசையில் இருக்கும் தேவாரம் ஊரில் கொண்டுபோய் இறக்கியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர்கள் வந்தார்கள். ஷானவாஸ், அவன் அம்மா, காலேஜில் படிக்கும் தங்கை ரெஹானா, கடைசியாக டீக்கடையில் பார்த்த அந்த மனிதர். அவர் கமாலை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கூடத்துக்கு நடுவே நின்ற சுவரைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார்.

அந்த மௌனம்தான் கமாலை உலுக்கியது. இப்படி அமுக்கமாக இருக்கிறவன்தான் வீட்டில் தட்டை எறிவான்.

"யாஸ்மின், டீ கொண்டுவரச் சொல்லு ஒங்கம்மாவ" என்றார். டீ வந்தது. யாரும் தொடவில்லை.

"நாவல்ல என்ன பிடிக்கலைங்க?" என்று ஷானவாஸ் கேட்டான்.

கமாலுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"தம்பி, மண்டியில ஒக்காந்து அழுதேன். நீங்க வளந்ததே பெருசு. ஒங்களுக்குப் பொண்ணத் தர எனக்குச் சம்மதம். ஆனா நிக்காஹ் முடிஞ்ச கையோட தனிக்குடித்தனம் வந்துரணும். அந்த அத்தா இருக்கிற வீட்ல எம்பிள்ள ஒரு நாள் இருக்கக் கூடாது. பெத்த பிள்ளையத் தூதுக்கு விட்டுப் பொண்டாட்டியப் பேசுறவன் மனுசனா?"

ஷானவாஸின் அத்தா தொண்டையைச் செருமினார். அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஷானவாஸ் தரையைப் பார்த்தான். உள்வாசல் திரைக்குப் பின்னால் யாஸ்மின் அசையாமல் நின்றாள்.

ரெஹானாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"மாமா, அது எங்கத்தா இல்ல. தெனமும் தேனி பஸ்ல யாஸ்மின் அக்கா சொல்லிச் சொல்லி அழுததத்தான் எங்கண்ணன் ஆம்பளப் பிள்ள கதையா மாத்தி எழுதுனாக."