மெஷின் போட்ட வெப்சைட்

வேல்சாமியின் பேண்டேஜ் துணி கம்பெனி, கம்ப்யூட்டர் திரையில் மினுக் மினுக்கென்று அணைந்து அணைந்து எரிந்தது. பெயர் மட்டுமல்ல, முகவரி, ஃபோன் நம்பர், கடைசியில் போட்ட நன்றி வரைக்கும்.

"ஏம்மா சண்முகத்தாயி, இது ஆஸ்பத்திரித் துணி விக்கிற கம்பெனியா, சீரியல் செட்டுக் கடையா?" என்றார் சோலைராஜ்.

தொண்ணூற்றொன்பதில், ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் அவர் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்தார். அங்கே ஒவ்வொரு வரியையும் கையால் டைப் அடித்து வெப்சைட் செய்பவள் சண்முகத்தாய் ஒருத்திதான்.

"பேரை மட்டுந்தான் மின்ன விட்டேன் சார். மின்னுறத முடிக்கிற குறியைப் போட விட்டுப்போச்சு. பின்னாடி நின்னு வெரட்டுனா கை தடுமாறாதா?"

குறியைப் போட்டாள். மினுக்கல் நின்றது, தொழிற்சாலைப் படம் காணாமல் போனது. படத்தை மீட்டாள். முகவரி வலது ஓரத்துக்கு ஒதுங்கி, வரிக்கு ஒரு சொல்லாக முருங்கைக்காய் மாதிரி தொங்கியது.

சோலைராஜ் தலையில் கைவைத்தார். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல சங்கிலிப்பாண்டி ஒரு மெஷின் எறக்கியிருக்கான். தாள்ல வரைஞ்சு குடுத்தாப் போதுமாம், அதுவே வெப்சைட்டா மாத்திருதாம். வேல்சாமி அண்ணாச்சி அங்க போறேங்காரு."

"போகட்டும். மெஷின் துப்புனத ஒரு எழுத்து மாத்தணும்னாலும் எங்கிட்டத்தான் வரணும்."

"அந்த மெஷினப் படிச்சுக்கோ. இல்ல, நாற்காலியக் காலி பண்ணு."

"நாற்காலிய எடுத்துக்கோங்க. நின்னுக்கிட்டே அடிப்பேன்."

மறுநாள் வேல்சாமியின் அம்பாசிடரில் மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். சண்முகத்தாயின் மடியில் அவளே வரைந்த ஒரு தாள் இருந்தது. கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம். போதாததற்கு, பேண்டேஜ் என்பதற்கான ஆங்கில எழுத்துகளையும் வேண்டுமென்றே தப்பாக எழுதியிருந்தாள். எந்த மெஷினும் மூச்சுத் திணற வேண்டும் என்பது அவள் கணக்கு.

தேரடிக்குப் பக்கத்தில் சங்கிலிப்பாண்டியின் கடை. கடைக்குள் ஒரு பலகைத் தடுப்பு, அதில் தபால் பெட்டி மாதிரி ஒரு துவாரம்.

"மெஷின் உள்ள இருக்கு. ஏசி ரூமு. ஆள் போனா தூசி ஒத்துக்கிடாது" என்று தாளைத் துவாரத்தில் தள்ளினான் சங்கிலிப்பாண்டி. உள்ளே கடகடவென்று சத்தம் எழுந்தது.

மூவரும் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்கள். துவாரத்தில் ஒரு பிளாப்பி எட்டிப் பார்த்தது. அதை வெளியே இருந்த கம்ப்யூட்டரில் போட்டான். கட்டங்கள் அத்தனையும் அச்சு அசலாக வந்திருந்தன. பேண்டேஜ் திருத்தப்பட்டிருந்தது.

"நம்ம தப்பக்கூட சரிபண்ணியிருக்குய்யா!" வேல்சாமிக்குப் புல்லரித்தது.

சண்முகத்தாய் விடவில்லை. இன்னொரு தாளை வாங்கி, கட்டமே போடாமல் எழுதினாள்: 'பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.'

"இத மாத்தச் சொல்லுங்க பாப்போம்."

சங்கிலிப்பாண்டி கொஞ்சம் தயங்கித்தான் தாளைத் தள்ளினான். உள்ளே சத்தம் நின்றது. செத்த நேரம் கழித்து மறுபடி எழுந்தது. வந்த பக்கம் இளம்பச்சையில், வேப்பிலைக் கரை போட்டு, நிஜமாகவே குளிர்ச்சியாக இருந்தது. அவளே செய்திருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்காது. அது அவளுக்கே தெரிந்ததுதான் கொடுமை.

"வேலைய இங்கேயே குடுத்திருதேன்" என்றார் வேல்சாமி.

"எனக்கும் இதே மாதிரி ஒரு மெஷின் வேணும்" என்றார் சோலைராஜ். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே, "நாளையில இருந்து நீ வரவேண்டாம் தாயி."

"வரத்தான் செய்வேன்!" அவள் குரல் உடைந்தது; ஆனால் இறங்கவில்லை. "அந்த மெஷினுக்கு எதுத்தாப்புல ஒக்காந்து அடிப்பேன். அது களைச்சுப் போற வரைக்கும் அடிப்பேன். யாரு மொதல்ல எந்திரிக்காங்கன்னு பாத்துருவோம்!"

"மெஷினு களைக்காதும்மா" என்று சிரித்தான் சங்கிலிப்பாண்டி.

அப்போது டீக்கடை பரிபூரணம் தூக்குவாளியோடு உள்ளே வந்தாள். யாரையும் சட்டை பண்ணாமல் நேராகப் போய், பலகைத் தடுப்பை ஓங்கித் தட்டினாள்.

"ஏட்டி, நாலு பேரும் டைப் அடிக்கிறத நிப்பாட்டிட்டு டீயக் குடிங்கட்டி, ஆறிப்போவுது!"