பொட்டலம் கட்டிய நரியும் புலிக்கு வழி சொன்ன மானும்

ஒரு காட்டில் எல்லா மிருகங்களிடமும் கம்ப்யூட்டர் இருந்தது. எதற்கு என்று கேட்காதீர்கள். நம் வீட்டில் மட்டும் எதற்கு இருக்கிறதாம்?

அங்கே ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக் கொடுப்பது வேலாயுதம் என்ற யானை. முழு சிஸ்டத்தையும் ஒரே மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கும். ஏற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் ஓடும்.

ஞானப்பிரகாசம் என்ற நரிக்கு இது பொறுக்கவில்லை.

"அணிலுக்கு எதுக்குய்யா இவ்ளோ பெரிய மூட்டை? நான் பிரிச்சு, சின்னச் சின்னப் பொட்டலமா கட்டித் தர்றேன். வேண்டியதை மட்டும் வாங்கிப் போட்டுக்கோங்க."

யாருக்கு என்ன வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டது. கேட்டதையெல்லாம் பொட்டலம் கட்டிக் கடையும் போட்டது. காடே கைதட்டியது.

பூங்காவனம் என்ற மானுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: புலி வந்தால் கத்துகிற சைரன். பழைய கம்ப்யூட்டர் மழையில் நனைந்து செத்துப்போயிருந்தது. வீட்டில் இன்னும் ஓடத் தெரியாத குட்டி. பாவம், தாய்க்குக் கண்ணை மூடவே பயம்.

புதுக் கம்ப்யூட்டரில் சைரன் பொட்டலத்தைப் போட்டது. 'முதலில் ஒலிப் பொட்டலம் போடவும்' என்று வந்தது. ஒலியைப் போட்டால் கடிகாரப் பொட்டலம் கேட்டது. கடிகாரத்தைப் போட்டால் அடித்தளப் பொட்டலம் கேட்டது. மான் கடைக்கு ஓடியது.

"அடித்தளமா? அதைக் கட்டலையேம்மா" என்றது நரி.

"ஏங்க?"

"யாருமே கேக்கலையே!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

மானுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது பின்னால் ஒரு குரல்.

"இங்கதான் பொட்டலம் தர்றாங்களா?"

திரும்பிப் பார்த்தால், ஐயையோ, புலி! பெயர் மாசிலாமணி. வயதாகிக் கண் மங்கி, மூக்கும் அடைத்துப்போன புலி.

"நீங்க யாருங்க?"

"கரடி" என்றது மான், குரலைக் கட்டையாக்கிக்கொண்டு.

"மான் எங்க மேயுதுன்னு காட்டுற ஆப் ஒண்ணு இருக்காம். அதைப் போட்டாத்தான் எனக்கு இனிமே சோறு. யானைகிட்ட மூட்டை வாங்கவா, இங்க பொட்டலம் வாங்கவா?"

இந்த இடத்தில் நல்ல மிருகம் என்ன செய்யும்? தான் பட்ட அவதியைச் சொல்லி எச்சரிக்கும். மான் ரொம்ப நல்ல மிருகம்தான். ஆனால் குட்டி இருக்கிறதே!

"பொட்டலமே வாங்குங்கண்ணே. மூட்டையைத் தூக்கினா இந்த வயசுல இடுப்பு போயிடும். அது இன்னொண்ணு கேட்டா இன்னொண்ணு போடுங்க. சுலபம்."

"நீ நல்லா இருக்கணும் தாயி" என்று புலி கையெடுத்துக் கும்பிட்டது.

மான் நேராக யானையிடம் போய் மூட்டையை இறக்கிக்கொண்டது. பொழுது சாய்ந்தபோது சைரன் தயார். இன்றுவரை அது ஒருமுறைகூடக் கத்தவில்லை. புலிதான் அடித்தளப் பொட்டலம் வரும் வரும் என்று நரிக் கடை வாசலிலேயே கிடக்கிறதே.

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் அந்தக் கடை வாசலை வந்து பார்க்கவில்லை. சுற்றிலும் ஒரு புல் மிச்சமில்லை.

நீதி: சுலபமான வழி என்று யாராவது ஒன்றைக் காட்டினால், அதை முதலில் எதிரிக்குச் சொல்லிக்கொடு.