ஆரத்தி குடித்த கார்

திண்டுக்கல் ஆத்தூர் பக்கம், தோட்டத்து வீடு,
ஆடி மாதம், திங்கட்கிழமை காலை.

எங்கள் மதிப்புக்கும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பயத்துக்கும் உரிய ஒட்டன்சத்திரம் சம்பந்தி உடையப்பன் அவர்கள் சமூகத்துக்கு, பொன்னழகு இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் மனைவி நாகஜோதியும் உங்கள் மருமகள் புவனேஸ்வரியும் சுகம். உங்கள் மகன் விக்னேஷ்குமார் மாப்பிள்ளையும் சுகம். அவருடைய சிவப்புக் காரும் சுகமோ சுகம். அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாயிருக்கப் பழனி முருகன் துணையிருப்பானாக.

பழனிக்குப் போகிறேன் என்று சொல்லிப் புறப்பட்ட மகன் ஆத்தூரில் எப்படிச் சுகமாயிருக்கிறான் என்று தாங்கள் மீசையைத் தடவுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அதற்கும் வருகிறேன், கொஞ்சம் பொறுத்தருள வேண்டும்.

போன வாரம் தாங்கள் போனில், "ஏனுங்க சம்பந்தி, ஆடி விருந்துக்கு என்ற பையன் கார்ல வந்தானுங்க, திரும்பறப்ப பஸ்ல வந்தானுங்க. இப்ப நீங்க காரைப் பிரிச்சு ஒவ்வொண்ணா விக்கறீங்கன்னு மார்க்கெட்டே பேசுதுங்க. ஆவணி பொறந்தாலும் கார் வராம பொண்ணு வர வேண்டியதில்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அந்த ‘ங்க’தான் என்னைக் கொன்றது. எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் "ஏலே பொன்னழகு, அறிவிருக்கா ஒனக்கு" என்று ஆரம்பித்திருப்பார், நானும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன், சாயங்காலம் சேர்ந்து டீ குடித்திருப்போம். இம்புட்டு மரியாதையாகத் திட்டினால் ஒரு மனுஷன் என்ன பதில் சொல்வது? அன்றிலிருந்து எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. ஆடிக்கு வந்த மகள் ஆவணியிலும் இங்கேயே இருந்தால் ஊர் என்ன பேசும் என்று கத்தரிச் செடிக்கு நடுவில் நின்று நான் அழுதது நாகஜோதிக்கே தெரியாது. பதிலை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றால், சம்பந்தியம்மாள் கைதவறிக் குடும்பக் குரூப்பில் போட்டுவிடுவார்கள். தாம்பூலப் பையைப் பற்றித் தங்களிடம் நான் தனியாகச் சொன்னதை மாமன் மச்சான் மொத்தப் பேரும் கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆகவே பழைய முறைப்படி எழுதி, எங்கள் கத்தரிக்காயை மார்க்கெட்டுக்குக் கொண்டுவரும் வேன்காரர் இஞ்ஞாசியிடம் கொடுத்தனுப்புகிறேன். அந்தப் புரளியைக் கிளப்பிய வாயும் இஞ்ஞாசியின் வாய்தான். செய்த பாவத்துக்குப் பரிகாரமாகத் தாமே நேரில் கொண்டுவந்து தருவதாக மாதா மேல் சத்தியம் செய்திருக்கிறார்.

நடந்தது இதுதான். ஆடி விருந்தன்று மாப்பிள்ளை என் மகளோடு அந்தக் காரில் வந்து இறங்கினார். இறங்கினார் என்றா சொன்னேன், ஏறினார் என்று சொல்ல வேண்டும். அந்தக் கார் தரையோடு தரையாகக் கிடக்கிறது, உள்ளே உட்கார்ந்தவரை ஒரு ஆள் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. கறிவிருந்து நடந்துகொண்டிருக்கும்போது, "எல்லாம் நல்லாருக்குதுங்க மாமா, வண்டிதான் வெயில் ஏறுச்சுன்னா இழுக்க மாட்டேங்குதுங்க. வர்ற வழியில மேட்டுல நம்மள ஒரு கத்தரிக்காய் வேன் முந்திட்டுப் போகுதுங்க" என்று வருத்தப்பட்டார். கம்பெனியில் காட்டுங்க மாப்பிள்ளை என்று நான் வாயைத் திறப்பதற்குள், ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் மகள் கரண்டியோடு நின்று, "எப்படிங்க இழுக்கும்? பானட்டுக்குள்ள கெடக்குற சூட்டுக் காத்தையேதான் அது மூச்சு வாங்குது. முன்னாடி பம்பருக்குக் கீழருந்து ஒரு குழாய் விட்டு வெளிக்காத்தைக் குடுத்தா தன்னால இழுக்கும். வண்டிய விட்டுட்டுப் போங்க, ஆடி முடியறதுக்குள்ள நானே செஞ்சு வைக்கிறேன்" என்றாள். இவள் மெக்கானிக்கல் படித்தவள் என்பது தாங்கள் அறியாததல்ல. கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் நின்றபோது பொண்ணைக் காணோம் பொண்ணைக் காணோம் என்று ஊரே தேடி, கடைசியில் பட்டுச்சேலையோடு ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தோமே. மாப்பிள்ளை மறுபேச்சுப் பேசவில்லை. பாயசம் வருவதற்குள் கார்ச் சாவி இலை ஓரத்தில் அப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நாகஜோதி சொன்ன எதையும் நான் என் ஆயுசில் அம்புட்டுச் சுருக்காகக் கேட்டதில்லை, அதை அவளும் அன்றைக்கே சொல்லிக்காட்டிவிட்டாள்.

மாப்பிள்ளை பஸ் ஏறியதும் இங்கே தச்சுப்பட்டறையா கொல்லுப்பட்டறையா என்று தெரியாத மாதிரி வேலை ஆரம்பித்தது. முதலில் நான் சொட்டுநீருக்கு வாங்கி வைத்திருந்த பிவிசி குழாயை எடுத்து வெட்டி, வளைவுக்கு வளைவு மாட்டி, பானட்டுக்குள் விட்டாள். எஞ்சினைப் போட்டு செத்த நேரத்தில் அது வெந்த முருங்கைக்காய் கணக்காகத் தொங்கிவிட்டது. வந்த நாற்றத்தில் நாகஜோதி பருப்புத்தான் அடிப்பிடித்துவிட்டது என்று அடுப்பங்கரைக்கு ஓடினாள். விடுவாளா என் மகள்? கடலைக்குத் தண்ணீர் தெளிக்கிற அலுமினியக் குழாயில் ஒன்றை அறுத்துவிட்டாள். கடலை காய்கிறது, அது கெடக்கட்டும். எஞ்சின் சூடு குழாய் மேல் படாமல் இருக்க ஒரு தகரத் தடுப்பு வேண்டுமாம். வீட்டில் இத்தனை தகரம் கிடக்க, மறுவீட்டுக்கு உங்கள் வீட்டிலிருந்து முறுக்கு நிறைத்து வந்ததே ஒரு பெரிய டின், நாகஜோதி மஞ்சள் துணி போட்டு மூடிப் பரண்மேல் வைத்திருந்தாளே, அதுதான் கெட்டித் தகரமாம். ஆகச் சம்பந்தி, தங்கள் வீட்டுச் சீர் டின் இப்போது தங்கள் மகன் காருக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது, வெளியே எங்கும் போகவில்லை. இந்த வேலை நடக்கும்போது பாதிக் கார் பாயில் பரப்பிக் கிடந்ததைத்தான் கத்தரிக்காய் ஏற்ற வந்த இஞ்ஞாசி பார்த்திருக்கிறார். வேன் இங்கிருந்து கிளம்பும்போது ‘கார் பிரிஞ்சு கெடக்கு’ என்றிருந்த பேச்சு, மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் ‘பிரிச்சு விக்கிறாங்க’ என்று ஆகிவிட்டது.

தங்கள் போன் வந்த பிறகு நான் மகளைக் கூப்பிட்டு, "தாயி, நீ வண்டிக்கு மூச்சுக் குடுத்தது போதும், என் மூச்சு நிக்கப்போகுது. இருந்தபடி பூட்டிரு" என்று கெஞ்சினேன். "இன்னும் ஃபில்டர் ஒண்ணுதாம்பா வரணும், கூரியர்ல வந்துக்கிட்டு இருக்கு" என்றாள். அதுவரைக்கும் குழாயின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டி வைத்திருந்தாள். இந்தக் கொசுவலையைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேற்றுக் காலையில் மாப்பிள்ளை வந்து நிற்கிறார். ஆடியில் வரலாமா மாப்பிள்ளை என்றால், "பழனிக்குத்தான் கெளம்புனேனுங்க மாமா, பஸ் மாறி ஏறிட்டேனுங்க" என்கிறார். ஒட்டன்சத்திரத்துக்குப் பழனி மேற்கே இருக்கிறது, நாங்கள் கிழக்கே இருக்கிறோம். நான் அதற்கு மேல் கேட்கவில்லை, தாங்களும் கேட்காதிருப்பது குடும்பத்துக்கு நல்லது. ராத்திரி அவர் வாசலில் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்தார், ஆடி மாத மரியாதைக்கு ஒரு குறைவும் வரவில்லை என்பதைச் சம்பந்தியம்மாளுக்குத் தெரிவிக்கவும்.

வந்தவர் கையோடு காரில் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார். அடேயப்பா, அது பழைய சத்தமே இல்லை! முன்னால் இருமிக்கொண்டு கிடந்த வண்டி உறுமியது பாருங்கள், கட்டியிருந்த ஆடு ரெண்டும் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டன. மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல். மிதிக்கிறார், விடுகிறார், மறுபடியும் மிதிக்கிறார். சத்தம் கேட்டு வேலிக்கு வேலி ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அதைக் கண்ட நாகஜோதி, "புது மாப்ள, புதுச் சத்தம், ஊர்க் கண்ணு அம்புட்டும் இங்கதான் இருக்கு. செத்த இருங்க" என்று உள்ளே ஓடி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துப் பெரிய தாம்பாளம் நிறைய ஆரத்தியோடு வந்தாள். மாப்பிள்ளைக்கு மூன்று சுற்று, காருக்கு மூன்று சுற்று. "அம்மா, தள்ளி ஊத்தும்மா, தள்ளி!" என்று என் மகள் கத்தியது அந்த உறுமலில் யார் காதில் விழும்? வழக்கமாகத் தரையில் ஊற்றுகிறவள், காருக்காயிற்றே என்று அதன் மூஞ்சிக்கு நேராக வீசினாள். குழாயின் வாய் சரியாக அங்கேதான் இருந்தது. மாப்பிள்ளை சரியாக அப்போதுதான் மிதித்தார். ஆரத்தி, கொசுவலை, மேலே மிதந்த வெற்றிலை, எல்லாவற்றையும் கார் ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டு ‘டொக்’ என்று நின்றுபோனது.

"யாரும் சாவியத் திருப்பாதீங்க! எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருச்சு. திருப்புனா உள்ள இருக்குற ராடு வளைஞ்சு மொத்தமும் போயிரும்" என்றாள் புவனா. மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. நாகஜோதி தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, எம்மக வாழ்க்கையில நானே ஆரத்தியக் கரைச்சு ஊத்திட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குக் காதுக்குள் தங்கள் குரல்தான் கேட்டது, கார் வராம பொண்ணு வர வேண்டியதில்லைங்க, வர வேண்டியதில்லைங்க என்று. முருகா, இந்தக் கார் மட்டும் கிளம்பட்டும், மொட்டையோடு மீசையையும் சேர்த்துத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

என் மகள் மட்டும் கலங்கவில்லை. ஸ்பானரை எடுத்து ஸ்பார்க் பிளக்கையெல்லாம் கழற்றினாள். "இப்ப திருப்பலாம். அப்பா, நீங்க உள்ள உக்காந்து சாவியத் திருப்புங்க. நீங்க வந்து இந்த லைட்டப் பிடிங்க" என்று மாப்பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டாள். நான் ஒரு வழியாக அதற்குள் மடங்கி உட்கார்ந்தேன். முன்னால் பானட் தூக்கி நிற்கிறது, எனக்கு எதுவும் தெரியவில்லை. திருப்பினேன். புஸ் புஸ் என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் பேச்சு மூச்சு இல்லை. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்றால் என்னால் அந்தச் சீட்டிலிருந்து எழவே முடியவில்லை. முடிஞ்சுபோச்சு, எம்மக கதை முடிஞ்சுபோச்சுன்னு உக்காந்திருக்கேன், அப்பத்தான் மாப்ள சிரிக்கிற சத்தம் கேக்குது. லேசாகச் சிரிக்கவில்லை சம்பந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நாகஜோதி கைகொடுத்து என்னைத் தூக்கிவிட்டாள். பார்த்தால், உள்ளே போன ஆரத்தி அத்தனையும் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சியடித்து, ரெண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை சிவப்பாக நிற்கிறார்கள். "புவனா, கரண்டு போனதுல நம்ம கல்யாணத்துல மஞ்சத்தண்ணி வெளையாட்டு விட்டுப்போச்சுன்னு சொன்னியே, இந்தா ஆச்சு!" என்கிறார் மாப்பிள்ளை. இவளும் சிரிக்கிறாள். எனக்கு உசுரு வந்துச்சு. பெற்றவனுக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள். என் மகளை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறேன் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு நெஞ்சு நிறைந்தது.

ஈரத்தை ஓட்டி, துடைத்து, குழாய்க்குள் சிக்கிய கொசுவலையையும் வெற்றிலையையும் உருவிப்போட்டு, பிளக்கை மாட்டித் திருப்பினால் முதல் திருப்பிலேயே வண்டி எழுந்துகொண்டது. ரெண்டு பேரும் ஆத்தூர் டேம் வரை போய்த் திரும்பினார்கள், மேட்டில் ஒரு சிணுங்கல் இல்லையாம். இப்போது ஃபில்டர் வரும்வரைக்கும் வேறு கொசுவலை கட்டி, குழாயின் வாயை ஹெட்லைட்டுக்குப் பின்னால் உயரத் தூக்கி வைத்துவிட்டாள். நாகஜோதியைத் தாம்பாளத்தோடு முன்னால் நிறுத்தி, வெறுந் தண்ணீரை வீசச் சொல்லிச் சோதித்தும் பார்த்தாயிற்று. இனி எத்தனை பேர் ஆரத்தி எடுத்தாலும் பயமில்லை.

ஆகவே தாங்கள் மனக்கவலையை அறவே விட்டுவிடலாம். மாப்பிள்ளை இன்று மத்தியானம் பஸ்ஸில் திரும்புவார். ஆவணி பிறந்ததும் முறைப்படி வந்து, அவர் காரை ஓட்ட, என் மகள் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்து, தங்கள் வாசலில் வந்து இறங்குவாள். இனி எந்த வண்டியையும் தொடுவதில்லை என்று முருகன் படத்துக்கு முன்னால் என்னிடம் சொல்லிவிட்டாள். ஸ்பானர், ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு, அசல் திண்டுக்கல் பூட்டால் நானே பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துவைத்திருக்கிறேன். நேற்று ராத்திரிதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். சம்பந்தியம்மாளுக்கு நாகஜோதியின் நமஸ்காரம். கத்தரிக்காய் ஒரு கூடை வருகிறது, முற்றலில்லாமல் பொறுக்கிப்போட்டது, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்கு ஆகும். தங்கள் குலம் தழைக்க, மாடு கன்று பெருக, எல்லாம் வல்ல பழனியாண்டவனை வேண்டி நிற்கும்,

தங்கள் அன்புச் சம்பந்தி,
பொ. பொன்னழகு.

பி.கு.: உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க உள்ளே போய் வருவதற்குள் வாசலில் காரைக் காணோம். "ஆடி முடியலன்னு சொல்லிப் பாத்தேன், சும்மா காரை மாமாவுக்குக் காட்டிட்டு வாரோம்னு போயிருச்சுக" என்கிறாள் நாகஜோதி. பெட்டியைப் பார்த்தேன். திண்டுக்கல் பூட்டு பூட்டியபடியே இருக்கிறது, பூட்டு மாட்டியிருந்த கொண்டியைத்தான் திருகாணியோடு கழற்றிவிட்டார்கள். பெட்டி காலி. தங்கள் பழைய ஜீப்பும் வெயிலில் இழுக்க மாட்டேன் என்கிறது என்று மாப்பிள்ளை நேற்றே ஒரு வார்த்தை சொன்னார், நான்தான் காதில் வாங்காமல் விட்டுவிட்டேன். முன்னெல்லாம் இஞ்ஞாசி வேன் அந்தக் காரை மேட்டில் முந்திவிடும், இனி முந்தாது. ஆகவே இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வருமுன் அவர்கள் வந்து சேர்ந்து ஜீப்பின் பானட்டைத் தூக்கியிருப்பார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் முறுக்கு டின்களையாவது சம்பந்தியம்மாளைப் பத்திரப்படுத்தச் சொல்லவும். கார் வராமல் பொண்ணு வர வேண்டியதில்லை என்றீர்கள். கார் வந்துவிட்டது சம்பந்தி. நாகஜோதி கண்ணால் பார்த்தபடி, மாப்பிள்ளை பக்கத்துச் சீட்டில் ஸ்பானரையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்து வருகிறார், பொண்ணுதான் ஓட்டிக்கொண்டு வருகிறது.