நாலு சேனல் ஆம்ப் வாங்கிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆஸ்பத்திரி ஒன்றுகூடக் கிடையாது, மெல்லிசைக் குழு மட்டும் நான்கு இருந்தது. அதில் பெரிய குழு கரடி சாலமோனுடையது. அதில் கிட்டார்காரனாகச் சேர முள்ளம்பன்றி தவசீலனுக்குக் கொள்ளை ஆசை. தன் முதுகு முள்ளையே பிடுங்கி அதனால் தந்தியை மீட்டுகிற ஆள் அவன். அவ்வளவு வெறி.

"தம்பி, மேடையில மெலடி வரும், கானா வரும், பக்திப் பாட்டு வரும், ராக்கும் வரும். எல்லாத்துக்கும் ஒரே சத்தம் வெச்சிருந்தா நடையைக் கட்டு," என்றது கரடி. "முன்னாடி இருந்த நரி வளைகாப்புல கரகரன்னு வாசிச்சு, முயலம்மாவுக்கு அங்கேயே வலி கண்டிருச்சு. சிங்கத்தோட மகள் கல்யாண வரவேற்புல வந்து வாசி. சரியா வந்தா நீதான் நிரந்தரம்."

தவசீலன் ஒரே ஓட்டமாக வாத்தியக் கடைக்கு ஓடினான். கடைக்காரர் உடும்பு. அவர் கையில் சிக்கினவர் சும்மா வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தர்ற ஆம்ப் பெட்டி, நாலு சேனல் சார். ஒண்ணுல பால் மாதிரி சுத்தமான சத்தம். ரெண்டாவதுல லேசா கரகரப்பு. மூணாவதுல காடே கிழியும். நாலாவதுல கோயில் மண்டபம் மாதிரி எதிரொலி. காலால ஒரு மிதி, சேனல் மாறிடும்."

"எனக்கு எது சரியா வரும்?"

"எல்லாமே சார். அதுக்குத்தானே நாலு!"

அடேயப்பா, என்ன அறிவு! தவசீலன் தூக்க முடியாமல் அதைத் தூக்கி வந்தான். மூன்று வாரம் வீட்டில் மிதி மிதியென்று மிதித்துப் பழகினான். எந்தப் பாட்டின் எந்த வரியில் எந்தச் சேனல் என்று உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டான். பக்கத்துப் பொந்து எலிகள் குடும்பத்தோடு வேறு காட்டுக்குப் போய்விட்டன.

வரவேற்பு நாள் வந்தது. முதல் பாட்டு மெலடி. முதல் சேனலை மிதித்து, கண்ணை மூடி, தந்தியைத் தொட்டான். சத்தம் வரவில்லை. ஆம்பில் விளக்கே எரியவில்லை. திரும்பிப் பார்த்தால் அதன் ப்ளக் தரையில் கிடக்கிறது. அது இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் பெட்டியின் ப்ளக் சொருகியிருக்கிறது. பாவம், அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மைக்செட்கார யானையைப் பார்த்து, ப்ளக்கை நோக்கிக் கையைக் காட்டினான். யானை, 'பிரமாதம்' என்று துதிக்கையை உயர்த்தியது.

பாட்டை நடுவில் நிறுத்தினால் கல்யாண வீட்டில் அபசகுனம் என்பார்கள். சிங்கம் வேறு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் தவசீலன் தலையை ஆட்டி ஆட்டி, கவனமாகச் சேனல் மாற்றி மாற்றி, இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து வந்த பதினெட்டுப் பாட்டையும் ஊமையாக வாசித்து முடித்தான். குரங்கின் கீபோர்டுதான் காதில் விழுந்தது.

இறங்கியதும் மயில் ஓடி வந்தது. "அந்த மெலடியில என்ன இழைப்பு! உருகிட்டேன் போங்க."

ஓநாய்க் கூட்டம் முதுகில் தட்டப் போய்க் கையைக் குத்திக்கொண்டது. "ராக்குல கிழிச்சிட்டீங்க தல!"

பக்திப் பாட்டில் கேட்ட எதிரொலிக்கு மெய்சிலிர்த்ததாக மாமியார் சிங்கம் சொன்னது. தவசீலனுக்கு மனசு கேட்கவில்லை. கரடியைத் தனியாக இழுத்துப் போனான்.

"அண்ணே, ஆம்ப் ஓடவே இல்லைண்ணே. யாரோ ப்ளக்கைப் பிடுங்கிட்டாங்க."

"யாரோ என்ன? நான்தான் பிடுங்கினேன்," என்றது கரடி, ஐஸ்கிரீமை நக்கியபடி. "இதுவரைக்கும் ஏழு கிட்டார்காரங்களை அனுப்பிட்டேன். எல்லாரும் சத்தம் வந்ததாலதான் போனாங்க. உன்மேல இன்னைக்கு ஒரு புகாரும் இல்லை. நாளையிலிருந்து நீ நிரந்தரம்."

தவசீலன் சற்று நேரம் விம்மினான். பிறகு காலில் விழுந்து நன்றி சொன்னான்.

இந்தக் கதையிலிருந்து காட்டுவாசிகள் கற்ற நீதி: எல்லா ரசனைக்கும் ஈடுகொடுக்கிற ஆம்பாகப் பார்த்து வாங்குங்கள், கரண்ட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.