படித்தவர்கள் பின்னால் தொங்கவும்

ஜவ்வாது மலை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கல்லூரிப் படிப்பை, நாங்கள் ‘மெக்கானிக்கல்’ என்று கூப்பிடும் டிரைவர் அளவுக்குத் திட்டக்கூடிய இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். அடிவாரத்து ஒடுகத்தூருக்கும் மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டுபவர். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்ததால் வந்த பெயர் அது. அப்பா அம்மா வைத்த பெயரை யாரும் கேட்டதில்லை.

அவர் ஜீப்பில் ஒரு சட்டம் உண்டு. படிப்பு ஏற ஏற இடம் பின்னால் போகும். பள்ளிக்கூடமே பார்க்காதவர் முன்சீட்டில் ராஜாவாக உட்காரலாம். பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாம் நடுவில். பட்டதாரி என்றால் பின்படிதான். மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரான நானோ எம்.எஸ்சி., பி.எட். எனவே ஒரு கால் படியில், இன்னொரு கால் ஆகாயத்தில்.

"என்ன மெக்கானிக்கல், இது நியாயமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு டிகிரி வாங்கிக்கீறீங்க. வேல கெடைக்கற வரிக்கும் தொங்கிக்கினுதானே இருந்தீங்க? அந்தப் பழக்கத்த வுட்ரக் கூடாது சார்."

வழியில் ஜீப் நின்றால் பானெட்டைத் தொடவே மாட்டார். ஒடுகத்தூருக்குப் போன் போடுவார். எட்டாவது ஃபெயிலான மெக்கானிக் ஒருவர் டூவீலரில் மேலே வரும்வரை நாங்கள் பாறைமேல் காய வேண்டும். கேட்டால், "நான் இன்ஜினியருங்க. ரிப்பேரெல்லாம் சிலபஸ்லயே இல்ல" என்பார்.

அவரைப் படிக்கவைக்க அப்பா நிலத்தை விற்றாராம். "நெலம் போயி ஒரு பேப்பர் வந்துச்சு. அதுல வேர்க்கல்ல வெளையல சார்."

போன வருஷம் என் மாணவி பூங்கொடிக்கு நர்சிங் சீட் கிடைத்தது. அவளுடைய அப்பாவிடம் மூன்று வாரம் மன்றாடி நான்தான் சம்மதிக்க வைத்தேன். உழவு மாடுகளை விற்றுவிட்டு வந்தார். சேர்வதற்கு அன்றுதான் கடைசி நாள், மதியத்துக்குள் கல்லூரியில் இருக்க வேண்டும். கைநாட்டு என்பதால் அவருக்கு முன்சீட்டு. வளைவுக்கு வளைவு மெக்கானிக்கல் தன் சொந்தக் கதையை எடுத்துவிட்டார். பூங்கொடி அப்பாவின் தலை ‘ஆமாம், ஆமாம்’ என்று ஆடுவதைப் படியில் தொங்கியபடியே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாதி மலையில் ஜீப் நின்றது. போன் போட்டால், எட்டாவது ஃபெயில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம்.

அப்பா இறங்கி என்னிடம் வந்தார். "சாமியே தடுக்குது சார். டிரைவரு சொல்றதும் சரிதான். வூட்டுக்கே போய்டலாம்."

பூங்கொடி சர்ட்டிபிகேட் ஃபைலை நெஞ்சோடு பிடித்தபடி கீழே தெரிந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பார்த்த மெக்கானிக்கல் ஜீப்பிலிருந்து குதித்தார்.

"இன்னாண்ணே பேசற? நான் படிச்சது தண்டம்னுதானே சொன்னேன். உம்பொண்ணு படிக்கறது தண்டம்னு எப்ப சொன்னேன்?"

சீட்டுக்கு அடியிலிருந்து, துணியில் சுற்றிய ஸ்பேனர்கள் வெளியே வந்தன. டீசல் குழாயில் காற்று புகுந்திருந்ததாம். பத்தே நிமிடத்தில் வண்டி உறுமியது. இத்தனை வருஷமாக எங்களை வெயிலில் காயவைத்த பாவி!

அன்று மற்ற டிரிப்பையெல்லாம் விட்டுவிட்டுக் கல்லூரி வாசலிலேயே நின்றார். சாயங்காலம் பூங்கொடி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"போச்சு, இன்னோர்த்தி மாட்டிக்கினா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. கேட்டதற்கு, டீசல் பட்டுவிட்டது என்றார்.

"ஆமாம், டீசல் பொல்லாதது" என்றேன். அந்தப் பொய்க்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.