சக்கரவர்த்தியின் இடுப்பு

என் இடுப்பில் ஏறி வளர்ந்து, இன்று நாய்க் கண்காட்சிச் சங்கத்தின் செயலாளராக உயர்ந்து நிற்கும் அன்புத் தம்பிக்கு, உன் அக்கா தன் கைப்பட எழுதிக்கொண்டது.

இங்கே நானும் மகனும் மருமகளும் பேத்தியும் முப்பத்திரண்டு ஆடுகளும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் உன் கண்ணாடி அலமாரியில் இருக்கும் கோப்பைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வீட்டில் தற்சமயம் சுகமில்லாதவை இரண்டே இரண்டு இடுப்புகள். ஒன்று என்னுடையது. மற்றது யாருடையது என்று போகப் போகச் சொல்கிறேன்.

சங்கத்தின் முத்திரை குத்திய உன் கடிதம் கிடைத்தது. கூடப் பிறந்த அக்காவுக்கு ரப்பர் முத்திரை குத்திக் கடிதம் போட்ட முதல் தம்பி நீயாகத்தான் இருப்பாய். "நான் படிச்சுக் காட்டட்டுமா பாட்டி?" என்று பேத்தி கேட்டாள். வேண்டாம் என்று நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு வகுப்புக்கு ஒரு நாள், சரிதானே. ஏன் நின்றேன் என்பது உனக்கு மறந்திருக்கும். அப்போது உனக்கு ஒரு வயது. அம்மா தையல் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஓர் இடுப்பு தேவைப்பட்டது. வீட்டில் காலியாக இருந்தது என்னுடையதுதான். நீ கனமான பிள்ளை. இறக்கி விட்டால் அழுவாய். குறை சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

உன் கடிதத்தில் இரண்டு கட்டளைகள். ஒன்று, கண்காட்சியில் நடந்ததற்கு நான் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்கவேண்டும். ஏனென்றால் விதி ஏழின்படி "நாய் செய்கிற, நாய்க்குச் செய்யப்படுகிற சகல காரியங்களுக்கும் அதன் உரிமையாளரே முழுப் பொறுப்பு." இரண்டு, உன் நாய் சக்கரவர்த்தியை ஞாயிற்றுக்கிழமைக்குள் குளிப்பாட்டிச் சீவித் தயாராக வைக்கவேண்டும். ஏனென்றால் அவனோடு சேர்த்துக் குட்டி போடவைக்க எட்டுப் பெட்டை நாய்க்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். தாராளமாக. மன்னிப்பும் உண்டு, நாயும் உண்டு. அதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். எதற்கென்று தெரியாமல் மன்னிப்புக் கேட்பது உன் சங்கத்துக்குத்தான் அவமரியாதை.

போன வருஷம் நீ வந்த அன்று நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்து ஒரு தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். "அக்கா, இந்த இடத்துல ஒரு கையெழுத்து." "என்னடா இது?" "ஒண்ணுமில்லக்கா, நாய் சமாச்சாரம். படிச்சா உனக்குப் புரியாது." நீ விரல் வைத்த இடத்தில் நான் போட்டேன். பால் பொங்கி வழிந்தது. அதையும் நான்தான் துடைத்தேன். செயலாளரின் சொந்த நாய் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று ஒரு விதி இருப்பதும், அதை எழுதியவனே நீதான் என்பதும், அதனால் உன் செல்லச் சக்கரவர்த்தி காகிதத்தில் என் நாயாகிவிட்டான் என்பதும் பிறகு பேத்தி சொல்லித்தான் தெரிந்தது. வாழ்க்கையில் என் பேரில் நீ எழுதி வைத்த ஒரே சொத்து அது. ரொம்ப சந்தோஷம்.

உரிமையாளர் நேரில் வரவேண்டும் என்று இன்னொரு விதி இருந்ததால் கண்காட்சிக்கு என்னைக் கூப்பிட்டாய். மகன் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வேறு வேலையாகப் போயிருந்தான். எங்கள் ஆட்டு நாய் மொட்டைவால் தனியே இருக்கமாட்டான், உனக்கே தெரியும். பதினோரு வயதாகிறது, ஆடு பக்கத்தில் இல்லையென்றால் நான் பக்கத்தில் இருக்கவேண்டும். ஆகவே அவனையும் ஒரு கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தேன். அந்த அரங்கத்துக்குள் நுழைந்தவுடன் ஏதோ அழகு நிலையத்துக்கு வழி தவறி வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். மேஜைக்கு மேஜை ஒரு நாய், நாய்க்கு நாய் ஒரு சீப்பு, முடி உலர்த்தும் மெஷின் சத்தத்தில் காதே அடைத்துவிட்டது. என் கல்யாணத்தன்று எனக்கு இவ்வளவு பவுடர் போடவில்லை. கோட்டுப் போட்ட நடுவர் ஒவ்வொரு நாயின் வாயையும் திறந்து பல் எண்ணினார், பிறகு பின்பக்கம் போய் வாலைத் தூக்கிப் பார்த்து ஏதோ நோட்டில் குறித்துக்கொண்டார். பேரன் பேத்தி எடுத்த மனிதர், பாவம், என்ன பிழைப்போ.

உன் சக்கரவர்த்தியை நிறுத்தியிருந்தாய். முன்பக்கம் நிமிர்ந்து, பின்பக்கம் சரிந்து, அசல் என் பழைய சாய்வு நாற்காலி. "பின்னங்கால் நடுங்குதேடா" என்றேன். "அந்தச் சரிவுதான்கா அழகு. அதுக்குத்தான் மார்க்கே." "நடக்கச் சிரமப்படுதேடா." "அது நடை இல்லக்கா, மிதப்பு." சரி, படித்தவன் சொல்கிறாய்.

நடுவர் மொட்டைவாலைப் பார்த்து, "இது என்ன இனம்?" என்று மூக்கைச் சுருக்கினார். "வேலை செய்யிற இனம்" என்றேன். "ஒரு காது நிக்குது, ஒரு காது தொங்குதே?" "நிக்கிறது ஆட்டுக்குங்க, தொங்குறது நமக்கு." அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நீயும் என்னைத் தெரியாதவன் மாதிரி விளக்கைப் பார்த்தாய்.

பிறகுதான் அந்த ஓட்டம். பச்சைக் கம்பளத்தில் பன்னிரண்டு நாய்களை வட்டமாக ஓடவிட்டீர்கள். அதில் ஏழு வெள்ளை, புசுபுசுவென்று, போகும் இடம் தெரியாமல் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. மொட்டைவால் இடத்தில் நீயே உன்னை வைத்துப் பார். பதினோரு வருஷமாக அவன் செய்துவருகிற ஒரே உத்தியோகம் அது. நான் கண்ணாடியைத் தேடப் பையைத் திறந்த நேரம் கயிறு கையை விட்டுப் போயிற்று. குரைக்கவில்லை, கடிக்கவில்லை, வயிறு தரையில் உரசப் பதுங்கிப் போனான். நான் பாதி டீ குடிப்பதற்குள் ஏழு வெள்ளை நாய்களும், சீப்பும் கையுமாக அவற்றின் எஜமானிகளும், நடுவரும், கோப்பை மேஜைக்கும் சுவருக்கும் நடுவே நெருக்கமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் மேலும் ஒரு கீறல் கிடையாது. நடுவர் ஒரு காலை வெளியே வைத்தார். மொட்டைவால் அந்தக் காலைப் பார்த்தான். நடுவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "அம்மா, நாயைக் கூப்பிடுங்கம்மா!" என்று அலறினார். "எங்க கொண்டுபோய் அடைக்கணும்னு சொல்லுங்க, அடைச்சிடுவான்" என்றேன். உதவி செய்யும் எண்ணத்தில்தான் சொன்னேன். அதைத்தான் நீ கடிதத்தில் "உரிமையாளரின் திமிர்ப் பேச்சு" என்று எழுதியிருக்கிறாய்.

இத்தனை அமளியிலும் அசையாமல் உட்கார்ந்திருந்தவன் சக்கரவர்த்தி ஒருவன்தான். "கலவரத்திலும் கலங்காத உயர்ந்த குணம்" என்று நடுவர் அவனுக்கே முதல் கோப்பையைக் கொடுத்தார். உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தம்பி, அவன் குணத்தால் உட்காரவில்லை. அவனால் எழுந்திருக்க முடியவில்லை. நீ கோப்பையோடு போட்டோவுக்கு நின்றபோது அவன் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தியவள் நான். என் மகன் என்னைத் தூக்கி நிறுத்துகிற அதே முறைதான், எனக்கு அத்துப்படி.

அன்று சாயங்காலமே, "ரெண்டு வாரம் பார்த்துக்கக்கா, வெளியூர்ல நடுவரா கூப்பிட்டிருக்காங்க" என்று அவனையும், என் பேர் போட்ட அவன் பதிவுத் தாளையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். உன் இரண்டு வாரத்துக்கு இன்றோடு ஆறு வாரம். எங்கள் வாசலில் மூன்று படி. மொட்டைவால் அவற்றைப் படியென்றே மதிப்பதில்லை. இரண்டு வயதுச் சக்கரவர்த்தி முதல் படியில் நின்று என்னைப் பார்ப்பான், நான் அவனைப் பார்ப்பேன். காலையில் நாங்கள் இருவரும் எழுந்திருப்பதும் ஒரே மாதிரி: முதலில் முன்பக்கம், அப்புறம் ஒரு பெருமூச்சு, மிச்சம் மெதுவாக. அவனுடைய ஷெப்பர்ட் இனம் ஆடு மேய்க்கவென்றே பிறந்தது என்று நீதானே பெருமையடிப்பாய்? உண்மைதான். முதல் நாள் ஆடுகளைக் கண்டதும் அவன் முகமே மாறிப்போயிற்று, காது இரண்டும் எழுந்து நின்றன, யாரும் சொல்லித் தராமலே பதுங்கிப் போனான். எட்டு அடி. ஒன்பதாவது அடியில் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் மட்டும் இன்னும் போகப் பார்த்தது. மொட்டைவால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு மந்தையைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்து அவன் முன்னால் நிறுத்தினான். நான் இட்டுக்கட்டவில்லை. முப்பத்திரண்டு ஆடுகளும் சாட்சி.

மறுநாளே கால்நடை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். மயக்க ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்து, படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினாள். "பாருங்கம்மா, தொடை எலும்போட நுனி பந்து மாதிரி. அது போய் உக்கார்ற குழி கிண்ணம் மாதிரி ஆழமா இருக்கணும். இவனுக்குத் தட்டு மாதிரி இருக்கு. பந்து நழுவி நழுவி உரசுது." "எதனால இப்படி?" "பரம்பரை. அழகுக்காகச் சரிவு பார்த்துச் சரிவு பார்த்தே வளர்க்கிறாங்க. மாத்திரை தரேன், மெதுவா நடக்கவிடுங்க, வலி குறையும். ஆனா இவனுக்குக் குட்டி மட்டும் வேண்டாம்மா. அதுங்களும் இப்படித்தான் உக்காரும்." அலமாரியில் அவ்வளவு பெரிய கோப்பை, இடுப்புக்குள் ஒரு கிண்ணத்துக்கு வழியில்லை. வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னதைச் சொல் மாறாமல் எழுதுகிறேன், என் ஞாபகத்தைப் பற்றி உனக்குத் தெரியும்: "அக்கா, அதெல்லாம் வளர்ந்தா சரியாயிடும். அந்தப் படத்தை யாருக்கும் காட்டாதே. எட்டுப் பேர் காத்திருக்காங்க. உனக்கு இதெல்லாம் புரியாது." டொக்கென்று வைத்துவிட்டாய்.

சரி, இனி மன்னிப்பு. உன் சங்கத்தார் கூடியிருக்கும்போது எழுந்து நின்று வாசி. நடுவரை நாயை விட்டு மடக்கியதற்கு மன்னிப்பு. மடக்கப்பட்டவர்கள் அனைவரையும் ஒரே மூலையில் நிற்கவைத்ததற்கு மன்னிப்பு, மொட்டைவாலுக்குப் பெரியவர் சின்னவர் வித்தியாசம் தெரியாது. கோணல் காதோடு பிறந்ததற்காக அவன் சார்பிலும், எந்தக் கோப்பையும் வாங்காமல் பதினோரு வருஷம் வேலை பார்த்ததற்காகத் தனியாகவும் மன்னிப்பு. புரியாதவளாக இருந்தும் எக்ஸ்ரே எடுத்ததற்கு மன்னிப்பு. சக்கரவர்த்தியையும் பதிவுத் தாளையும் ஞாயிற்றுக்கிழமை வாசலில் தயாராக வைத்திருக்கிறேன். எட்டுப் பேரையும் கூட்டி வா, நானே எதிரே வந்து வரவேற்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. அவள் போன தடவை இரவல் கொண்டுபோன என் நீலக் குடையை நான் கேட்கவேயில்லை என்று சொல். நீயும் அவளும் நூறு வயது வரை, யாரும் துண்டு கொடுத்துத் தூக்காமல் எழுந்து நடமாட என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
விதி ஏழின்படி முழுப் பொறுப்பாளியான
உன் அக்கா.

பின்குறிப்பு: ஒன்று எழுத மறந்துபோனேன். நீ போனை வைத்த மறுநாள் சக்கரவர்த்தியை மறுபடி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிட்டேன். தையல் பிரித்தாயிற்று, நன்றாகச் சாப்பிடுகிறான். ஆகவே எட்டுப் பேரும் வந்தால் டீ குடித்துவிட்டு, சுவரில் மாட்டியிருக்கும் அந்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஆபரேஷன் ஆன நாய்க்குக் கண்காட்சியில் இடமில்லை என்று விதி பதினான்கு சொல்கிறதாம், அதையும் நீதான் எழுதினாயாம். மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். "உரிமையாளர் சம்மதம் வேணும்மா" என்றாள் டாக்டரம்மா. பதிவுத் தாளை எடுத்து நீட்டினேன். அவள் கொடுத்த படிவத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, முதலிலிருந்து முடிவு வரை படித்த பிறகே கையெழுத்துப் போட்டேன். பின்னால் ஒரு கிளிக்காரரும் இரண்டு பூனைக்காரிகளும் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவனை உன் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் படிவத்தோடு வா. ஆனால் எந்த வரியிலும் விரலை வைக்காதே. செருப்பைக் கழற்றிவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டு. புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்பேன். எங்களுக்கு அவசரமில்லை. அவனும் நானும் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை.