ஊசி முனையில் ஓர் உயிர்

படத்தில் மறுபடியும் கோடு விழுந்தது. ஒன்று இரண்டல்ல, சீப்பால் வாரிவிட்டதுபோல் மேலிருந்து கீழ்வரை கோடுகள்.

ஆய்வு மாணவி மாதுமைக்கு அழுகையே வந்துவிட்டது.

ஈப்போவின் ஒரு கல்லூரிக்கு வந்த நுண்ணோக்கிகளிலேயே இதுதான் கோபக்காரி. மற்றவை செல்லைப் பார்க்கும், இது தடவும். கிண்ணத்தில் வெதுவெதுப்பான திரவம், அதனடியில் உயிருள்ள செல்கள். கண்ணுக்குத் தெரியாத ஊசி முனை செல்லின் முதுகைத் தொட்டுத் தொட்டு மேடுபள்ளத்தைப் படமாக்கும். பக்கத்து அறையில் யாராவது தும்மினாலும் போதும், படம் பாழ்.

இதயத் தசையாக மாறவேண்டிய செல்கள் அவை. மூன்று மாதம் தீனி போட்டு வளர்த்தும் மாறுகிற வழியாக இல்லை. மற்ற நுண்ணோக்கியில் பார்த்தால் கல்லுப்பிள்ளையார் மாதிரி துடிப்பே இல்லாமல் கிடந்தன. "படத்துல தசைநார் தெரிஞ்சா ஆய்வு தொடரும். இல்லாட்டி நாலு மணிக்கு மூடிடுவோம்" என்று துறைத்தலைவர் டாக்டர் பஞ்சலிங்கம் கறாராகச் சொல்லிவிட்டார். இப்போது மணி இரண்டு.

ஏர்கோன்தான் ஆட்டுகிறது என்று அதை நிறுத்தினாள். அறை அடுப்பாகிவிட்டது. திரவம் வற்றிவிடுமே என்று ஜன்னலைத் திறந்தாள். வெளியே போகிற வருகிற மோட்டார் சைக்கிள்களின் உறுமலெல்லாம் உள்ளே வந்தது.

வாசலில் காவலுக்கு இருந்த கனகராஜிடம் ஓடினாள்.

"அண்ணே, உள்ள ஒரு உயிரு ஊசி முனையில இருக்கு. கொஞ்சம் ஆடுனாலும் போச்சு. இந்தப் பக்கம் மோட்டார் எதையும் விடாதீங்க!"

கனகராஜின் முகம் வெளுத்தது. "ஐயையோ! என்னம்மா, ஹார்ட்டா?"

"ஆமாண்ணே, ஹார்ட்டுதான்" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் திரும்பினாள்.

கனகராஜ் பக்கத்து வட்டாரமான புந்தோங்காரர். தெருவில் ஒருவருக்குச் சளி பிடித்தாலே பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர். ஹார்ட் என்றால் விடுவாரா? வாட்ஸ்ஆப் குழுவில் கம்மிய குரலில் ஒரு செய்தி போட்டார். அது புந்தோங்கைச் சுற்றி சிலிபின் வரை போய்வந்தபோது, உள்ளே கிடப்பது டாக்டர் பஞ்சலிங்கம் என்று ஆகியிருந்தது.

மூன்றேகாலுக்குக் கதவைத் திறந்த மாதுமை திடுக்கிட்டாள். நடைவழி முழுக்க ஆட்கள். கையில் ஹண்ட்ரட் பிளஸ் பானப் போத்தல், மைலோ டின், ஆரஞ்சுப் பழம்.

"யாரைப் பார்க்க வந்தீங்க?"

"அவரத்தாம்மா. கண்ணு முழிச்சாரா?"

விளக்க நேரமில்லை. விளக்கினாலும் யார் நம்பப்போகிறார்கள்? "தயவுசெஞ்சு சத்தம் மட்டும் போடாதீங்க!" என்று கும்பிட்டாள்.

சத்தம்தானே போடக்கூடாது? அவர்கள் மெல்லிய குரலில் தேவாரம் பாடத் தொடங்கினார்கள். ஊசி தறிகெட்டு ஆடியது.

மறுபடியும் ஓடிவந்தாள். "பாடக்கூடாது, பேசக்கூடாது, அசையவும் கூடாது. அப்படியே உக்காருங்க!"

"எல்லாரும் டியாம் லா!" என்று கனகராஜ் அதட்டினார். முப்பது பேரும் தரையில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

கட்டடமே அடங்கிவிட்டது. மாதுமை ஊசியை ஒரு செல்லின்மேல் ஒரே இடத்தில் நிறுத்தினாள். இன்னும் ஏதாவது ஆட்டம் மிச்சமிருந்தால் திரையில் அலையாகத் தெரியும்.

தெரிந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, இறங்கியது. முன்பைவிடத் துல்லியமாக, அளந்து வைத்தாற்போல்.

இனி எதை நிறுத்துவது? பூமியையா?

நான்கு மணிக்கு பஞ்சலிங்கம் வந்தார். முன்பின் தெரியாத ஓர் அம்மா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க டாக்டர் பஞ்சலிங்கத்தோட அண்ணனா? மனசத் தேத்திக்குங்க சார்."

கனகராஜ் எழுந்தார், டாக்டரின் முகத்தைப் பார்த்தார், அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"மாதுமை, என்ன கூத்து இது? நான் எப்ப செத்தேன்?" என்றபடி பஞ்சலிங்கம் உள்ளே நுழைந்தார்.

"ஆட்டம் நிக்கவே மாட்டேங்குது டாக்டர்." அவள் குரல் உடைந்தது. "எல்லாத்தையும் நிறுத்திப் பார்த்துட்டேன்."

அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பெருமூச்சு விட்டுவிட்டு, கருவியை நிறுத்தக் கை நீட்டினார்.

கையைப் பிடித்த அந்த அம்மாவும் அவர் பின்னாலேயே உள்ளே வந்திருந்தார். பெயர் மங்களம், முப்பது வருஷம் மருத்துவமனை வார்டில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டிலைத் தேடினார், நோயாளியைத் தேடினார், கடைசியில் திரையில் ஓடிய அலையைக் கண்டு நின்றார். கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, உதடு அசைய எண்ணினார்.

பிறகு பஞ்சலிங்கத்தின் கையைத் தட்டிவிட்டு அதட்டினார்.

"யாரு சார் சாகப்போறாருன்னு சொன்னது? நாடி அம்பத்தெட்டு, ஒண்ணு தப்பாம அடிக்குது. ஆளு பொழைச்சாச்சு லா!"